தண்ணீர்ப் பந்தலில் ஒரு டொங்கிள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே சில வருசங்கள் போய்விட்டன. பேனையை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். நான் பதினோராம் வகுப்பு ஓஎல் மட்டும் படித்தவன், எழுத்துப் பழக்கம் இல்லாதவன் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது கோயில் வீதியில் நடந்த காரியம். ஒரு சொல் இடறினாலும் எங்கள் பிள்ளையாருக்கு நான் ஏதோ குறை சொன்னதாகப் போய்விடுமோ என்று பயந்தேன். இந்தமுறை கொடியேற்றத்துக்கு முன், தண்ணீர்ப் பந்தல் சாமான்களை இறக்கித் துடைக்கும்போது, மோர் வாளி ஒன்றுக்குள், கணினியில் குத்தி இணையம் எடுக்கிற அந்த டொங்கிள் கிடந்தது. பெருவிரல் அளவு. வெள்ளை நிறம் மஞ்சளாகி, மழைக்குச் சுற்றியிருந்த பொலித்தீனின் றப்பர் வளையம் உருகி அதிலேயே ஒட்டிப்போயிருந்தது. "உதை எறியட்டோ?" என்று மனைவி கேட்டா. வேண்டாம் என்று வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று பின்னேரம்தான் எழுத உட்கார்ந்தேன்.

டொங்கிள் என்னுடையது அல்ல, மச்சாளுடையது. மச்சாள் என்றால் என் மாமி மகள். என்னைவிடச் சில மாதம் இளையவள். கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடக் கந்தோரில் வேலை. அங்கே கணினி அறையும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. பள்ளிக்கூடம் கழித்துவிட்ட ஒரு லப்டொப்பைக் கேட்டு வாங்கி, அதில் லினக்ஸைப் போட்டு வைத்திருந்தாள். எல்லாரும் வின்டோஸ் பாவிக்கிறார்களே, உனக்கு மட்டும் ஏன் இது என்று கேட்டால், "இது காசு கேக்காது, வைரஸ் எண்டு வருத்தத்திலை படுக்காது. எனக்குப் பேசிக்கொண்டு வந்த மாப்பிள்ளையளை விட இது திறம்" என்பாள். கலியாணம் செய்யவில்லை. கோயிலுக்கு வருவாள், ஆனால் உள்ளே வரமாட்டாள். வீதியில் நின்று ஆட்களோடு கதைத்துவிட்டுப் போவாள். காலையும் மாலையும் திருநீறு பூசி, வெள்ளிக்கிழமை விரதம் விடாமல் பிடிக்கிற எனக்கு அது மனத்தில் ஒரு முள்ளாகவே இருந்தது. அதைச் சொன்னால், "நீ எனக்கும் சேர்த்துக் கும்பிடு மச்சான், நான் உனக்கும் சேர்த்துச் சிரிக்கிறன்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற வருசம் அது. கறண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. என் அக்கா கனடாவில், ரொறன்ரோவில் ஓர் ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருந்தா. ஈரலில் வந்த வருத்தம். இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று டொக்டர்மார் சொல்லிவிட்டதை அக்காவின் மகள், என் மருமகள், எனக்கு மட்டும் அழுதழுது சொல்லியிருந்தாள். அக்காவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் போனில், "தம்பி, இந்தமுறை தேரை ஒருக்காக் காட்டிவிடு. பிறகு எனக்குப் பாக்கக் கிடைக்காது" என்றா. சாதாரணமாக, சமையலுக்கு என்ன என்று கேட்கிற குரலில் சொன்னா. காட்டுகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்ட பிறகுதான் எப்படிக் காட்டுவது என்று யோசித்தேன். எங்கள் கோயில் வீதி பனங்கூடலுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. அங்கே என் போனில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். பேச்சே வெட்டி வெட்டித்தான் கேட்கும், படம் எங்கே வரப்போகிறது.

மச்சாளிடம் போனேன். அவள் அதிகம் கேட்கவில்லை. "உயரத்திலை ஒண்டு கட்டினால் பிடிக்கும். உன்ரை பந்தல் இருக்கெல்லே, அதிலை வைப்பம்" என்றாள். தேர்த் திருவிழாவன்று தெற்கு வீதித் தொடக்கத்தில், தேர் நிற்கிற தேர்முட்டி தெரிகிற மூலையில், தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் சர்க்கரைத் தண்ணியும் கொடுப்பது எங்கள் குடும்பத்து உபயம். எங்கள் பாட்டன் அப்புவின் காலத்திலிருந்து நடக்கிறது. தேருக்கு முதல்நாள் அவள் லப்டொப்போடு வந்து மோர்ப் பானைகளுக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் இருந்துகொண்டாள். டொங்கிளைக் குத்தியதும் கணினி அதைச் சீடி என்று எடுத்துக்கொண்டது. விற்கும்போது வின்டோசுக்கு வேண்டிய சாமானை அதற்குள்ளேயே ஏற்றி வைத்திருப்பார்களாம். லினக்ஸ் அதைக் கண்டு ஏமாந்துவிடுமாம். "நீ சீடி இல்லை, மோடம் எண்டு இதுக்குச் சொல்லிக் குடுக்கவேணும்" என்று ஏதோ ஒரு வரி அடித்தாள். பிறகு அது எந்த நாடு, எந்தக் கொம்பனி என்று கேட்டது. கொம்பனி இணையத்துக்குள் விடுகிற பெயர் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஏறாது. இரண்டாம் தரம் ஏறியது. அதோடு விடவில்லை. கணினி தன்பாட்டில் புதிது புதிதாக எதையாவது இறக்கி டேற்றா முழுவதையும் குடித்துவிடும் என்று அதையும் நிற்பாட்டினாள்.

பிறகு டொங்கிளை ஒரு நீள வயரில் மாட்டி, மூங்கில் தடியின் நுனியில் ஒரு சில்வர் கோப்பைக்குள் இருத்தி, கோப்பையின் வாய் தொலைபேசிக் கோபுரம் இருக்கிற திசையைப் பார்க்கும்படி கட்டச் சொன்னாள். நான் ஏணியில் நின்று கட்டினேன். "பிள்ளையாரின்ரை வீதியிலை பிச்சைக் கோப்பை தூக்கினது மாதிரிக் கிடக்கு" என்றேன். "பிச்சைதானே எடுக்கிறம். வாய் நல்லாத் திறந்து நிக்கட்டும்" என்றாள் கீழே இருந்து. டொங்கிளால் வாங்குவதை லப்டொப்பின் வைஃபையால் மற்றப் போன்களுக்குக் கொடுக்கலாம் என்று காட்டினாள். லினக்ஸில் அது பெரிய வேலை இல்லை, ஒரு பட்டியலைத் திறந்து புது வைஃபை ஒன்று தொடங்கு என்று சொன்னால் போதும். பெயர் கேட்டது; தண்ணிப்பந்தல் என்று இங்கிலிஷ் எழுத்தில் போட்டாள். அடுத்து பாஸ்வேர்ட் கேட்கிற இடத்தில், ஒன்றும் வேண்டாம் என்று தெரிவுசெய்தாள்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "பூட்டுப் போடேல்லையோ?" என்று கேட்டேன். இல்லை என்றாள். அந்த நாட்களில் டேற்றாவின் விலை ஏறியிருந்தது. ஊரில் பாதிப்பேர் வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகத்தைக் கனகாலம் பாராமல் இருந்தார்கள். திறந்து விட்டால் எல்லாரும் வந்து ஒட்டிக்கொள்வார்கள், அக்காவின் படம் நிற்கும் என்றேன். மச்சாள் என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மச்சான், நாளைக்கு மோருக்கு வாறவனை, நீ ஆரின்ரை மோன், உனக்கு உண்மையிலை தாகமோ எண்டு கேட்டுத்தான் குடுக்கப்போறியோ?" பக்கத்தில் பானை கழுவிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது மோர், இது வேறு என்று முணுமுணுத்துக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

தேரன்று காலையில் எல்லாம் ஒழுங்காகவே தொடங்கியது. வசந்த மண்டபத்துப் பூசை முடிந்து சுவாமி வெளியே வந்தபோது அங்கே மருமகள் பிடித்திருந்த போன் வழியாக என் போனில் அக்காவின் முகம் தெரிந்தது. மெலிந்து கிடந்தா. நெற்றியில் யாரோ திருநீறு பூசி விட்டிருந்தார்கள். நான் பந்தல் முகப்பிலிருந்தே தோரணத்தையும் தேர்முட்டியையும் தேரில் சுவாமி ஏறுவதையும் காட்டினேன். அதை விட்டுத் தூரம் போனால் வைஃபை எட்டாது. அக்காவின் கை மெல்லக் கூப்பியபடி இருந்தது. அதற்குள் பந்தலில் இணைப்பு இருக்கிறது என்ற கதை சனத்துக்குள் பரவிவிட்டது. மோர் குடிக்க வந்தவர்கள் போனை எடுத்தார்கள். போனோடு வந்தவர்கள் மற்றவர்களையும் கூப்பிட்டார்கள். கட்டார், லண்டன், பாரிஸ், எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளின் முகங்கள் என் தோளைச் சுற்றி வெளிச்சமாய் நின்றன. வடம் பிடித்து, அரோகரா என்று சத்தம் எழும்பித் தேர் அசைந்த அந்த நொடியில் என் போனில் படம் உறைந்துபோனது.

மச்சாளிடம் திரும்பி, பூட்டுப் போடு என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன், இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள். அவள் பதறவில்லை. "இப்ப பாஸ்வேர்ட் போட்டால் எல்லாற்றையும் அறுந்துதான் திரும்ப எழும்பும். உன்ரையும் அறும். நீ திருப்பி எடுக்கலாம், அவையள் எடுக்கேலாது. செய்யட்டோ, சொல்லு" என்றாள். அவளுடைய விரல் அந்த இடத்தில்தான் இருந்தது. என் இடது பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால்காரர் நின்றார். கட்டாரில் வேலைக்குப் போன மகனின் முகத்துக்கு நேரே தன் போனைப் பிடித்தபடி, "இஞ்சை பார் மோனே, முன்வடத்திலை நிக்கிறது உன்ரை கூட்டாளிதான், தெரியுதே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டி வரவில்லை. படம்தான் நின்றதே தவிரக் குரல் வந்துகொண்டிருந்தது.

"தம்பி, உது பால்காரற்றை குரலெல்லே?" என்றா அக்கா.

பால்காரர் அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஓம் அக்கா, தேர் தெரியுதோ என்று கேட்டேன். "தேர் அப்பிடியே நிக்குது, அசையேல்லை. நீ அதை விடு. அவர் ஆரோடை கதைக்கிறார்?" என்றா. மகனோடு என்றேன். "கிட்டக் கொண்டுபோ, கேப்பம்." நான் போனைப் பால்காரரின் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோனேன். பிறகு அங்காலே யார் என்று கேட்டா. அங்காலே எங்கள் வீட்டு ஒழுங்கைப் பெண் ஒருத்தி லண்டனில் இருக்கிற புருசனுக்குத் தேரைக் காட்டிக்கொண்டே, "முதல் உந்தத் தாடியை வழியுங்கோ. பிள்ளையாருக்கே உங்களை அடையாளம் மட்டுக்கட்டேலாது" என்று ஏசிக்கொண்டிருந்தாள். அக்கா அதைக் கேட்டுச் சிரிப்பது கேட்டது. இப்படியே பந்தலைச் சுற்றிவந்தேன். யார் யார் என்று ஒவ்வொரு குரலாய்க் கேட்டா. சில குரல்களைத் தானே சொன்னா. சில குரல்கள் பிழைத்தன. மச்சாளும் நிற்கிறாள் என்று தெரிந்ததும், "எடி, இன்னும் உனக்கு ஒருத்தனும் ஆப்பிடேல்லையோ?" என்றா. "ஆப்பிட்டவங்கள் ஒருத்தனுக்கும் லினக்ஸ் தெரியாது மச்சாள்" என்று இவள் லப்டொப்பில் இருந்து தலையை எடுக்காமலே சொன்னாள். அக்கா சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தேர் தெற்கு வீதிக்குத் திரும்பி எங்கள் பந்தலைத் தாண்டியபோது நான் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், போனைச் சனத்தின் பக்கம் பிடித்தபடி. அந்த வருசத் தேரை நானும் சரியாகப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குரலும் அறுந்தது.

அதற்குப் பிறகும் அக்கா சில கிழமை இருந்தா. பேச முடியாமல் போய்விட்டது, அதனால் அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. நித்திரையிலேயே போய்விட்டா என்று மருமகள் சொன்னாள். இங்கே வீட்டில் விளக்கேற்றி வைத்த அன்று கோயில் பெரியவர் ஒருவர், அக்கா போனில் தேரைக் கண்டு, கும்பிட்ட கை கும்பிட்டபடி அந்த நொடியே உயிர் பிரிந்தது என்று வந்தவர்களுக்குச் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் மறுக்கவில்லை. அடுத்த வருசத் தேருக்கு அதே கதை ஒலிபெருக்கியில் போனது. அதில் தம்பி அக்காவுக்கென்றே தனியாக ஓர் இணைப்பு எடுத்ததாகவும் சேர்ந்திருந்தது. அந்தக் கதைக்குள் பந்தலில் நின்ற சனமும் இல்லை, மச்சாளும் இல்லை. அவள் மோர்க் குவளையோடு நின்று கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "நீ போய்ச் சொல்லன். நான் சொன்னால் சாமி கும்பிடாதவள் சொல்லுறாள் எண்டுவினம்." கோயில் காரியம், விடு என்றேன். "கோயிலுக்குப் பொய் எதுக்கு மச்சான்? அதின்ரை பெருமைக்குத் தேரே போதுமெல்லே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மச்சாள் இப்போது இங்கே இல்லை. வேலையை விட்டபின், தமக்கையின் மகளான பெறாமகளோடு இருக்க மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். கோயிலுக்கு நல்ல இணைய வசதி வந்துவிட்டது. இரண்டு கமரா பூட்டித் தேரை உலகம் முழுக்கத் தெளிவாகக் காட்டுகிறார்கள். மருமகளும் பார்க்கிறாள். பாஸ்வேர்ட் கோயில் கந்தோரில் இருக்கிறது, அதை நான் பிழை என்று சொல்லவரவில்லை. அன்று பூட்டுப் போட்டிருந்தால் அக்கா தேர் ஓடுவதைக் கண்டிருக்கவும் கூடும். அந்த எண்ணம் இன்னும் எனக்கு வந்து வந்துதான் போகிறது. ஆனால் அக்கா ஊரை விட்டுப் போய் எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஊர்ச்சனம் தங்கள் பாட்டில் கதைப்பதைக் கேட்டா. யாரும் அவவுக்காகக் கதைக்கவில்லை. அவவும் ஒரு கரையில் நின்று கேட்பது போலக் கேட்டுச் சிரித்தா. அதையும் பிள்ளையார் கொடுத்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மச்சாள் இதற்கு என்ன சொல்லுவாள் என்றும் தெரியும்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒலிபெருக்கியில் போன கதையை எங்காவது கேட்டிருந்தால், சொன்னவருக்கு இதையும் சொல்லுங்கள். சொல்லும்போது உள்ளபடியே சொல்லுங்கள். அக்கா தேர் ஓடக் காணவில்லை. படம் நின்றுவிட்டது; நின்றதற்குக் காரணம் பந்தலில் நின்ற அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளுக்குத் தேரைக் காட்டியது. அக்கா அவர்களுடைய குரலைக் கேட்டா. இதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம். எங்கள் பிள்ளையாருக்கு இது போதும்.