முலுண்டிலிருந்து வந்த ஆர்டர்

மைனிக்கு முறுக்கு விற்க ஒரு வெப்சைட் செய்து தருகிறேன் என்று சொன்னது நான்தான். அவர் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். பேச்சு வளர வளர என்னை நல்லவனாக்கிக்கொண்டே போகிற ஆள் நான்.

மைனி என் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்த பின், தாராவியில் எங்கள் அறைக்குக் கீழே உள்ள தோல்பைப் பட்டறையில் மைனி வேலைக்குச் சேர்ந்தார். வெட்டிய தோல் துண்டுகளுக்குப் பசை தடவும் வேலை. அந்தப் பசையின் வாடை இரும்பு ஏணி வழியாக எங்கள் அறைக்கும் ஏறி வரும். எனக்கு அது தலைவலியோடு நின்றது. மைனிக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமல் விடவே இல்லை. அந்த வாடையில் இனி உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வாடைய விட்டா நெஞ்சு சரியாயிரும்ங்காங்க தம்பி. வயித்துக்கு என்ன செய்யணும்னு கேட்டா, அது அவங்க டிபார்ட்மெண்ட் இல்லயாம்" என்றார் மைனி.

மனிதர்கள் இப்படி ஏதாவது சொல்லிவிட்டுப் போவதை நான் நோட்டில் எழுதி வைப்பேன். இதையும் எழுதினேன். எழுதின கையோடுதான் அந்த வாக்கையும் கொடுத்தேன். மைனி சுடும் முறுக்குக்கு எங்கள் சந்தில் பெயர் உண்டு. நாலு இடத்திலிருந்து ஆர்டர் வந்தால் பட்டறையை விட்டுவிடலாம். கணக்கு அவ்வளவுதான்.

எனக்குச் செம்பூரில் ஓர் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை. கம்ப்யூட்டர் யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்துக் கற்றது. அலுவலகத்தில் கழித்துக் கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏணியில் கயிறு கட்டித்தான் மேலே ஏற்றினோம். வெப்சைட்டை வெளியுலகத்துக்குக் கொண்டுபோகும் முன், நம் கம்ப்யூட்டரையே ஒரு சர்வராக்கி அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். பந்திக்குப் பரிமாறும் முன் அடுப்படியிலேயே உப்புப் பார்ப்பதைப்போல.

நானும் அந்தச் சர்வரை ஏற்றினேன். அது ஓட மறுத்தது. எந்த எண்ணுள்ள வாசல் வழியாக அது பேச வேண்டுமோ, அந்த வாசலை வேறு ஏதோ ஒன்று ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று திரையில் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. பட்டறை வைத்திருக்கும் பாய் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஏணியடியில் நின்று தினமும் கேட்பார்.

"என்னவே, ஒம்ம பொட்டி கண்ணு முழிச்சிச்சா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த வாசல்ல ஆள் ஒக்காந்திருந்தா பக்கத்து வாசலத் தெறக்க வேண்டியதுதான வே? இதுக்குப் போயி மூணு வாரமா?"

உண்மையிலேயே அதுதான் வழி. எண்ணை மாற்றினேன், ஓடிவிட்டது.

பிறகு வேலை வேகமாக நடந்தது. மைனிக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. தமிழ் நன்றாகப் படிப்பார். ஆகவே பக்கம் முழுக்கத் தமிழ். முறுக்கின் படம், விலை, கீழே ஆர்டர் எழுதும் கட்டங்கள். வந்த ஆர்டரைப் பார்க்கத் தனியாக ஒரு பக்கம். முதல் தடவை அதைத் திறந்து காட்டியபோது மைனி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இப்ப இத எல்லாரும் பாக்கலாமா தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது, கீழே இருக்கும் பாயின் போனில்கூட வராது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு அது வரவில்லை.

"இதுல வந்தாச்சுல்லா மைனி. இனி வெளிய வாரது சின்ன வேலதான்" என்றேன்.

அவர் 'வந்தாச்சு' என்பதை எடுத்துக்கொண்டார். சின்ன வேலையை என்னிடமே விட்டுவிட்டார்.

அந்தச் சின்ன வேலை எனக்குப் பிடிபடவே இல்லை. வெளியே ஏற்றினால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக நின்றது, இல்லாவிட்டால் பக்கமே திறக்கவில்லை. மைனி தினமும் மதியச் சாப்பாட்டுக்கு மேலே வரும்போது கம்ப்யூட்டரைப் போட்டு, ஆர்டர் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். திறக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். காலியாக இருக்கும். "இன்னிக்கும் யாரும் வரல" என்பார். நாளைக்கு வரும் என்பேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, ஆர்டர் கட்டங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க நானே ஒரு ஆர்டர் எழுதினேன். ஐந்து கிலோ முறுக்கு. பெயருக்கு 'ஒரு அம்மா'. ஊர் முலுண்ட், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பிள்ளையார் கோயில் எதிரே, மூன்றாவது மாடி. நாள், வெள்ளி சாயங்காலம். போன் நம்பருக்கு ஒன்பதையே பத்துத் தடவை தட்டினேன். பதிவாகிவிட்டது. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட, அழிக்காமல் ஓடிவிட்டேன். பிறகு அதை மறந்தும் போனேன். அன்று வீடு திரும்பியபோது மைனி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறார்.

மறுநாள் மாலை சந்துக்குள் நுழையும்போதே எண்ணெய் வாசம். பசை வாடையை அமுக்கிக்கொண்டு நின்றது. பாய் ஏணியடியில் இருந்தார்.

"ஒம்ம பொட்டிக்கு ஆர்டர் வந்துட்டாம்லா! காலைலருந்து சுட்டு முடிச்சு, மூணு மணிக்கு முலுண்டுக்கு வண்டி ஏறிட்டாங்க. அடுத்த வாரத்தோட வேலைய விட்டுக்கிடுதேன்னு வேற சொல்லிட்டாங்க. சிரிச்சிட்டே சொன்னாங்கவே. நானும் நல்லாருங்கன்னுட்டேன்."

மேலே ஏறிப் பார்த்தேன். திரையில் அந்த ஒற்றை வரி. மைனிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

எட்டு மணி வாக்கில் ஏணியில் இருமல் சத்தம். இரண்டு கையிலும் இரண்டு பை. போனபடியே திரும்பி வந்திருந்தன.

"கோயிலு இருக்கு தம்பி. எதுத்தாப்புல பில்டிங் மூணு. மூணுலயும் மூணாவது மாடி ஏறிட்டேன். வாச்மேன் ஒருத்தன் அரே மௌஸி, எங்க ஏறுதன்னு கத்துதான். நம்பருக்குப் போட்டா தப்புங்கு. எல்லாமே ஒம்போதா இருக்கே, வசதியானவங்க, ஃபேன்சி நம்பர் வாங்கிருப்பாங்கன்னு நெனச்சேன். ஏதும் மாத்தி எழுதிட்டாங்களோ? பாவம், அந்தம்மா வீட்டுல விசேஷமோ என்னமோ. காத்துக்கிட்டு இருப்பாங்க."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், ஆர்டர் எழுதியது நான் என்பதையும், அந்தப் பக்கத்தை உலகத்தில் நாங்கள் இருவர் மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பதையும். பேச்சுக்கு எனக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அன்று ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்தேன்.

மைனி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"அப்ப இத்தன நாளும் நான் இந்தப் பொட்டிக்குள்ளயா கட வச்சிருந்தேன்?"

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

"அந்தம்மாவே கெடையாதா?"

வழி நெடுக ரயிலில் அந்த அம்மாவுக்கு ஒரு முகம், ஒரு வீடு, ஒரு விசேஷம் எல்லாம் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். இல்லாத ஒருத்தியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை காலை மைனி ஏணியில் இறங்கி, வேலையை விடவில்லை என்று பாயிடம் சொன்னார். கேலி பேசாமல் பாய் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அன்று, "ஒக்காருங்கம்மா" என்று மட்டும் சொன்னது மேலே எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இருமலும் கேட்டது.

முறுக்கைச் சந்துக்கு எல்லாம் கொடுத்தோம். அப்படியும் ஒரு டின் மிஞ்சிக் காறல் அடித்துப்போனது. பக்கத்தை வெளியே ஏற்றும் அந்தச் சின்ன வேலை இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. உண்மையாகவே சின்ன வேலைதான், ஒரு மதியம்கூட ஆகவில்லை. ஓடிப் போய்ச் சொன்னேன். இப்போது எல்லாரும் பார்க்கலாம் மைனி, பாயின் போனிலேயே திறந்து காட்டுகிறேன் என்றேன்.

அவர் பசைப் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

"இருக்கட்டும் தம்பி. முறுக்கு பிழியிற அச்ச செம்பூருக்காரி ஒருத்தி கேட்டா, குடுத்துட்டேன்."

எப்போது திருப்பித் தருவார்கள் என்று கேட்டேன்.

"கேக்கல" என்று சொல்லி, அடுத்த தோலை எடுத்தார்.