தள்ளினால் கிளம்பும் டிராக்டர்

பேட்டரி ஒயரைக் கழற்றாமலே டிராக்டரின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஸ்பேனரை விட்ட அறிவாளி நான். பொறி பறந்து ஒயர் கருகி நாறியது.

விளாங்குடியில் அப்பாவின் டிராக்டரும் இப்படித்தான் நாறும். கெட்டுப்போன ஸ்டார்ட்டர் மோட்டார், சைலன்சருக்கு அடியில் ஒளிந்திருக்கும், கை நுழையாது. விரல் தோலுரிந்த அப்பா அதை மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டு, தினமும் கண்மாய்க்கரைச் சரிவில் வண்டியை நிறுத்தினார். தள்ளினால் கிளம்பும். காலையில் அவர் சீட்டில் உட்கார்ந்து அதட்டுவார். மாவுக் கையோடு அம்மா தள்ளுவாள்.

ஒருநாள் குளிக்க வந்தவர்கள் பார்க்க, அம்மா கையை எடுத்தாள்.

"மோட்டார மாத்துறீகளா, பொண்டாட்டிய மாத்துறீகளா?"

அப்பா மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று என் கையும் நுழையவில்லை. ஸ்பேனரை வீசிவிட்டு, சீட்டில் ஏறி மனைவியைக் கூப்பிட்டேன்.

"செல்வி, கொஞ்சம் தள்ளுறியா?"

"எறங்கித் தள்ளுங்க, நான் ஓட்டுறேன்."