கொச்சியிலிருந்து வந்த இடப்பக்க லாரி

எர்ணாகுளத்திலிருந்து நான் என் அண்ணனுக்கு எழுதிய அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. "வண்டியைப் பார்த்தாயிற்று. எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம். டிரைவர் அண்ணாச்சி அதனால் பாதகமில்லை என்கிறார். நாளைக் காலை புறப்படுகிறோம்." இவ்வளவுதான் அதில் எழுதியிருக்கிறது. முத்திரையில் ஆண்டு 1946 என்று தெளிவாக விழுந்திருக்கிறது. தேதியின் மேல் மை படர்ந்துவிட்டது. ஆனி மாதக் கடைசி என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு ஆதாரம் மதினி. ஆடி பிறந்துவிட்டால் புது வண்டி வாசலுக்கு வரக்கூடாது, அதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று அண்ணன் மனைவி எங்களை எச்சரித்து அனுப்பியிருந்தாள். ராணுவம் ஓட்டித் தேய்த்த வண்டி எப்படிப் புது வண்டியாகும் என்று கேட்டேன். "நம்ம வாசலுக்குப் புதுசுதானே" என்றாள்.

அண்ணனுக்குத் தென்காசியில் அரிசி மில் இருந்தது. நான் பத்திரம் எழுதும் தொழிலில் இருந்தேன். யுத்தம் முடிந்து கொச்சியில் பட்டாளத்து லாரிகளை விற்றுக்கொண்டிருந்த சமயம். தெரிந்தவர் ஒருவர் மூலம் அண்ணன் ஒன்றை வாங்கிவிட்டான். வாங்குவது சுலபமாக இருந்தது. கொச்சி சமஸ்தானத்திலிருந்து கிளப்பி, திருவிதாங்கூர் சமஸ்தானத்தை நீளவாக்கில் கடந்து, ஆரியங்காவுக் கணவாயில் இறக்கி, செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் எல்லைக்குள் கொண்டுவந்து சேர்க்க ஒரு டிரைவர் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சாரல் காலம். மலைப்பாதை நனைந்து கிடக்கும். போதாததற்கு அது அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம். "மொகம் பாக்குத கண்ணாடிக்குள்ள உக்காந்து ஓட்டச் சொல்லுதீகளே அண்ணாச்சி" என்று ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். இன்னொருவர் சிரிக்கக்கூட இல்லை.

கடைசியில் மில்லுக்குள்ளிருந்தே ஒருவர் வந்து நின்றார். எங்களிடம் மூட்டை சுமந்துகொண்டிருந்தவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இலஞ்சி வழியாக ஓடிய பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். ஒருநாள் இலஞ்சி வளைவில் பஸ் ரோட்டை விட்டு வயலுக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. பயணிகள் சேறும் சகதியுமாக எழுந்து வந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னார். தூங்கிவிட்டான் என்று பஸ்ஸின் சொந்தக்காரர் சொன்னார். ஊர் சொந்தக்காரரை நம்பியது. அதிலிருந்து அவருக்கு 'வயக்காட்டு டிரைவர்' என்று பேராகிவிட்டது. யாரும் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. லைசென்ஸை மட்டும் வருஷம் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அந்தப் புதுப்பிப்பு மனுவை எழுதிக்கொடுத்தவன் என்ற வகையில் எனக்கு அது தெரியும்.

"நான் போயிட்டு வாரேன் மொதலாளி" என்றார்.

மில் மேஸ்திரி பக்கத்தில் நின்றிருந்தார். "போற வழியெல்லாம் மலை, வே. அங்கன வயக்காடு கெடையாது, மெத்துன்னு விழ" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. வேறு ஆளும் இல்லை அவனுக்கு. "வண்டி தன் கால்ல வரணும். மில் வாசல்ல தானா வந்து நின்னா, நாளைக்கு நீர்தான் அதுக்கு டிரைவர். மாட்டக் கட்டி இழுத்துட்டு வந்தீர்னா மறுபடி மூட்டதான். சம்மதமா?"

"சம்மதம்."

காவலுக்கு என்னையும் சேர்த்து அனுப்பினான். ரயில் ஏற்றிவிட அவர் மனைவி கட்டுச்சோற்றோடு வந்திருந்தாள். வண்டி நகரும்போது ஜன்னலருகே நடந்துகொண்டே, "இந்தத் தடவ வயல்ல எறக்கிராதீக. எல்லாரும் நாத்து நட்டிருக்காக" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

கொல்லம் வரை ரயில். அங்கிருந்து எர்ணாகுளத்துக்குப் படகு. லாரியை அவர் முதலில் தொடவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தார், அடியில் படுத்துப் பார்த்தார், பிறகு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து வலக்கையைக் கியர்த்தடியின் மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். இடக்கை பார்த்த வேலைக்கு வலக்கையைப் பழக்குகிறேன் என்றார்.

அந்த வண்டியில் எனக்கும் வேலை இருந்தது. நம் ரோட்டில் இடப்பக்கம் போகும்போது, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு முன்னால் போகும் மாட்டுவண்டிதான் தெரியும், எதிரே வருவது தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் இலக்கணமாக, "தற்சமயம் போகலாம் அண்ணாச்சி" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரே பஸ் வந்துவிட்டது. "தம்பி, பத்திரம் எழுதாதீக. 'போ', 'பொறு'. ரெண்டே வார்த்த போதும்" என்றார். கோட்டயம் தாண்டுவதற்குள் அந்த இரண்டு வார்த்தையில் நான் தேறிவிட்டேன். புனலூர்த் தொங்குபாலத்தை ஊர்ந்து கடந்தோம். தென்மலைக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது.

ஆரியங்காவில் தேநீருக்கு நிறுத்தினோம். திரும்பி வந்து ஏறியவர் பிரேக்கை ஒருமுறை மிதித்தார். மறுபடி மிதித்தார். கால் பலகை வரை போனது. இறங்கி அடியில் பார்த்தார். பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிந்து வழிந்திருந்தது. கை பிரேக் இருந்தது. ஆனால் அது நிற்கும் வண்டியை நிற்க வைக்குமே தவிர ஓடும் வண்டியை நிறுத்தாது. எண்ணெயைத் தடுத்து வைக்கும் ரப்பர் உள்ளே தேய்ந்துவிட்டது. அதற்கு மாற்று அந்த மலையில் மட்டுமல்ல, செங்கோட்டையிலும் கிடைக்காது. மறுநாள் ஆடி முதல் தேதி.

கோட்டைவாசலில் மேடு முடிகிறது. அங்கிருந்து புளியரை வரை வளைந்து வளைந்து இறக்கம். மெதுவாக ஊர்ந்து மேட்டின் உச்சிக்கு வந்து நிறுத்தினோம். அங்கே நாலைந்து பாரவண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் ஒருவர், "இம்புட்டுத்தானே? பின்னால நாலு சோடி மாட்டக் கட்டிப் பிடிச்சு எறக்கிருவோம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. டிரைவர் மட்டும் மாட்டேன் என்று தலையாட்டினார். "மாடு வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன், மாடு சைவமா அசைவமான்னு பாக்குதீரா?"

"மாடு கட்டக்கூடாதுன்னு பேச்சு."

பின்னால் பிடிப்பது இழுப்பதாகாது என்று நான் வாதாடிப் பார்த்தேன். "மாடு கட்டுன வண்டின்னுதான் ஊருல சொல்லுவாக தம்பி. முன்னாலயா பின்னாலயான்னு எவன் கேப்பான்?" என்றார். அது சரிதான்.

கணவாயில் வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாரவண்டி இறங்கும்போது பின்னால் சங்கிலியில் ஒரு மரத்தடியைக் கட்டி இழுக்க விடுவார்கள். தடி தரையில் உராய்ந்து வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். கீழே போனதும் தடியை அவிழ்த்து ஓரத்தில் போட்டுவிடுவார்கள். ஏறி வரும் வண்டி அதைத் தூக்கி வந்து மேலே குவித்துவிடும். இன்னார் தடி என்று கிடையாது. உச்சியில் அப்படி ஒரு குவியல் கிடந்தது. ஆனால் எல்லாம் மாட்டுவண்டிக்கான தடி. லாரி அதைத் துடைப்பம் மாதிரி இழுத்துக்கொண்டு போய்விடும். கொஞ்சம் தள்ளிப் பள்ளத்தோரம் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் ஒரு தடி தனியாகக் கிடந்தது. மழையில் கறுத்திருந்தது. எல்லோரும் கூடி உருட்டி வந்து சங்கிலி போட்டோம்.

முதல் கியரில் இறங்கினோம். தடி ரோட்டில் கடகடவென்று அதிர்ந்து வந்த சத்தத்தில் 'பொறு' என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. வளைவுகளில் தடி பக்கவாட்டில் வீசி, வண்டியின் பின்புறத்தைப் பள்ளத்தை நோக்கி இழுத்தது. அவர் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்பாகவே ஸ்டியரிங்கை மலைப்பக்கம் கொஞ்சம் ஒடித்து வைத்திருந்தார். வண்டிக்காரர்கள் இரண்டு பேர் பின்னால் ஓடி வந்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் இருக்கும்.

புளியரைச் சவுக்கையில், அதாவது சோதனைச் சாவடியில், வனக் காவலர் தடியைப் பார்த்துவிட்டார். திருவிதாங்கூரில் ஈட்டியும் தேக்கும் யார் நிலத்தில் முளைத்தாலும் மகாராஜாவின் மரம். காவலர் குனிந்து தடியின் முனையை நகத்தால் சுரண்டினார்.

"எந்தா இது? ஈட்டியாக்கும். ராஜமரத்தயா கெட்டி இழுத்துட்டு வருதீக?"

ரேஞ்சர் வந்து பார்க்கும்வரை வண்டி இங்கேயே நிற்க வேண்டும் என்றார். ரேஞ்சர் எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியாது.

பின்னால் ஓடி வந்த வண்டிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே முன்னால் வந்தார். "ராஜா மரமின்னா ராஜா முத்திர குத்தியிருக்கணும்லா? காட்டும் பாப்போம்."

காவலர் தடியைச் சுற்றி வந்தார். இறக்கம் முழுக்க உராய்ந்து வந்ததில் ஒரு பக்கமே பலகையாகத் தேய்ந்திருந்தது. "முத்திர எவிட?"

"இருந்துச்சின்னா ரோட்டுலதான் கெடக்கும். இங்கனருந்து கோட்டவாசல் வரைக்கும் தேடிட்டே போங்க."

சவுக்கையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். காவலர் விறைப்பாகவே நின்றார். அப்போது டிரைவர் இறங்கி வந்து, "தடி சவுக்கையத் தாண்டல அய்யா. மேல போற வண்டியில ஏத்தி எடுத்த எடத்துலயே போட்டுருதோம். கணவாய்த் தடி கணவாய விட்டுப் போகாதுல்லா?" என்றார். அந்த வழக்கம் காவலருக்குத் தெரியாததல்ல. ஏறிப் போகும் வண்டியில் தடி ஏறும்வரை நின்று பார்த்துவிட்டுத் தடைக்கம்பைத் தூக்கினார். "பிரேக் இல்லாத வண்டி எனிக்கு முன்னால நிக்கண்டா. வேகம் போ!" என்றார். பிரேக் இல்லாத வண்டியை அவர் வேகமாகப் போகச் சொன்னதற்கு நாங்கள் செங்கோட்டை வரை சிரித்தோம்.

செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு நேர்ரோடு இருக்கிறது. அவர் இலஞ்சிப் பக்கம் திருப்பினார்.

சாயங்காலம். இலஞ்சி வயல்களில் பெண்கள் நடவை முடித்துக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். வளைவுக்கு முன்னால் காப்பிக்கடையில் கூட்டம். லாரி சத்தம் கேட்டு எல்லோரும் ரோட்டுக்கு வந்தார்கள். அவர்கள் பழக்கப்படி வலப்பக்கம் பார்த்தார்கள். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏலே, பத்திரம் எழுதுதவரு லாரி ஓட்டுதாருலே!"

"கையில ஸ்டியரிங்கையே காங்கல! மந்திரமா போட்டுட்டு வாராரு?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தாடை இறுகியிருந்தது. இந்த வளைவுக்காகத்தான் அவர் சுற்றி வந்திருக்கிறார். ஊர்க்காரர்களோ அவரைப் பார்க்கவே இல்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறு" என்றேன். "பொறுக்கதுக்குப் பிரேக் இருக்கா?" என்று அவர் கேட்பதற்குள் நான் கதவைத் திறந்து குதித்துவிட்டேன். நடை வேகம்தான். ஓடி வண்டிக்கு முன்னால் போய், மேல்துண்டைக் கையில் எடுத்து வீசிக்கொண்டே, "வழி விடுங்க, பிரேக் இல்லாத வண்டி" என்று சொல்லியபடி அந்த வளைவை நடந்து கடந்தேன். என் முதுகுக்குப் பின்னால் லாரி உறுமிக்கொண்டு வந்தது. வலப்பக்கம் காலியாகிவிட்டதால் இப்போது எல்லோருக்கும் இடப்பக்கம் இருந்தவர் தெரிந்தார்.

காப்பிக்கடைக்காரர் கத்தினார்: "அட, நம்ம வயக்காட்டு டிரைவரு!"

வரப்பில் நின்ற ஒருத்தி சேற்றுக்கையை ஆட்டினாள். "அண்ணாச்சி, இப்பத்தான் நட்டு முடிச்சோம். வந்துராதீக!"

அவர் சிரித்தார். வாய் நிறைய, பல் தெரிய. வளைவு முடிந்தது. பையன்களும் பெரியவர்களுமாக ஒரு கூட்டம் எங்களோடு ஓடி வந்தது, தென்காசி வரை.

மில் வாசலில் அண்ணன், மதினி, மேஸ்திரி, டிரைவரின் மனைவி எல்லோரும் நின்றார்கள். எப்படி நிறுத்தப்போகிறார் என்று எனக்கு அப்போதுதான் கவலை வந்தது. அவர் வாசலுக்குள் திருப்பி, முற்றத்தில் மலைபோல் குவிந்திருந்த உமிக்குள் வண்டியின் மூக்கை மெத்தென்று செருகினார். எஞ்சின் அணைந்தது. உமி பறந்து எல்லோர் தலையிலும் இறங்கியது.

அண்ணன் தும்மிக்கொண்டே வந்தான். "நிறுத்துததுக்கு வேற எடம் கெடைக்கலியா?"

"பிரேக் இல்ல மொதலாளி."

"எப்பத்துலருந்து?"

"ஆரியங்காவுலருந்து."

அண்ணன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று தலையசைத்தேன். அவன் மேற்கே மழை மூடிய மலையைப் பார்த்தான். பிறகு மேஸ்திரியிடம், "நாளையிலருந்து மூட்ட தூக்க வேற ஆளப் பாரும்" என்றான். டிரைவரின் மனைவி முந்தானையால் புருஷன் தலையிலிருந்த உமியைத் தட்டிவிட்டாள். மதினி ஆரத்தித் தட்டோடு வந்தாள். ஆடி பிறக்க இன்னும் ஓர் இரவு இருந்தது.

அந்த லாரியை அவர்தான் கடைசிவரை ஓட்டினார். ஊரில் 'வயக்காட்டு டிரைவர்' என்ற பேர் மாறவில்லை. ஆனால் அதைச் சொல்லும் தொனி மாறிவிட்டது. அன்று இலஞ்சி வளைவில் பஸ்ஸின் பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதையும் எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் நான் அதை விசாரித்துப் பார்த்தேன். பஸ் சொந்தக்காரரின் ஒரு மகன், விபத்துக்குப் பிறகு பிரேக்கை மாற்றினோம் என்றார். இன்னொரு மகன், அப்படி எதுவும் செய்யவில்லை, பஸ்ஸை அப்படியே விற்றுவிட்டோம் என்றார். விற்ற பஸ் எங்கே போயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆகவே அந்தப் பிரேக் உண்மையில் பழுதாகியிருந்ததா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.