தொலையாத காதுகள்

காது மூக்கு தொண்டை ஆராய்ச்சியில் மூக்கும் தொண்டையும் டாக்டர்களுக்கு. காதும் அலைச்சலும் எங்களைப் போன்ற உதவியாளர்களுக்கு. வீடு வீடாகப் படிவம் சுமந்தவர்களே, நாய்க்குப் பயந்து வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூவியவர்களே, மேலே இருப்பவர் கேட்ட கேள்விக்கும் கீழே இருப்பவர் சொன்ன பதிலுக்கும் நடுவில் பேனாவைக் கடித்தவர்களே, நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தம். என் பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சிவப்பு மை

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்காவில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். வருஷக்கணக்காகக் காதில் சீழ் வடிபவர்களுக்கு இரண்டு சொட்டு மருந்துகளில் எது நல்லது என்று கண்டுபிடிப்பது ஆராய்ச்சி. ஒன்று பழைய மருந்து, ஒன்று புதியது. கொடுத்து ஆறு மாதம் கழித்து அதே ஆளைப் பிடித்து, அதே காதைப் பார்த்து, கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு பேர் என் பொறுப்பு.

முதல் கூட்டத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த பேராசிரியர், தோட்டத்து ஆட்களை நம்ப முடியாது, ஆறு மாதத்தில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள் என்றார். ஐந்து பேருக்கு மேல் வராவிட்டால் ரெம்பியா பட்டியலையே ஆராய்ச்சியிலிருந்து தூக்கிவிடுவாராம். அதோடு அங்கே மாதம் ஒரு முறை நடத்தும் காது கிளினிக்கும் நின்றுவிடும். வராதவர்களின் கோப்பில் குத்துவதற்கென்று ஒரு ரப்பர் முத்திரையும் செய்து கொண்டு வந்திருந்தார். சிவப்பு மையில், ஆங்கிலத்தில், ‘லாஸ்ட்’.

என் அம்மா பால்மரம் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு சொட்டுகூட ஊற்றுவதற்கு முன்னால் தொலைந்தவர்கள் கணக்கா? கூட்டம் முடிந்ததும் அந்த முத்திரையை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தால் எதிரே சிஸ்டர் ஃபிலோமினா. இருபது வருஷம் காது வார்டில் வேலை பார்த்தவர், என்னைவிட எல்லா விதத்திலும் பெரியவர். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “மை டப்பாவை ஏன் விட்டுட்டுப் போற? அதையும் எடுத்துக்க லா. நான் ஒண்ணும் பாக்கல.”

குளித்து வந்த காதுகள்

மருந்து கொடுக்குமுன் சீழை ஒரு பஞ்சுக் குச்சியில் எடுத்து, என்ன கிருமி என்று பார்க்க அனுப்ப வேண்டும். அதனால் இரண்டு நாள் காதைத் தொடவே கூடாது, எதுவும் ஊற்றக் கூடாது, துடைக்கக் கூடாது என்று லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

கிளினிக் நாளன்று வந்தார்கள் பாருங்கள்! தலைவாரி, பவுடர் பூசி, நல்ல துணி உடுத்தி. காதுகளோ பளபளவென்று இருந்தன. தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றி, கோழி இறகால் குடைந்து, புதுப் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். என் பஞ்சுக் குச்சியில் எண்ணெய் வாசம்தான் வந்தது. முன்வரிசையில் இருந்த தங்கமணி அக்காவிடம் கத்தியே விட்டேன். நாற்பது வயது, பால்மரம் வெட்டும் வேலை, சின்ன வயதிலிருந்து இடது காதில் சீழ். அவர் என்னைவிடச் சத்தமாகத் திருப்பிக் கேட்டார்: “வீட்டுக்கு ஆள் வந்தா பெருக்கித்தானே வைப்போம்? டாக்டரு முன்னாடி காதை மட்டும் குப்பையா நீட்டணுமா? நாங்க என்ன அவ்ளோ கேவலமா, மிஸ்ஸி?”

விலகிக்கொள்ளும் வரி

சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதியது நான்தான். கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்ட வேண்டும். சின்னசாமி மாமாவுக்குப் படித்தபோது, ‘எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார், பேனா மூடியை மூடினார், “நான் விலகிக்கிறேன்” என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு அழுகை வராத குறை. முதல் நாளே ஒரு ஆள் போச்சு. பின்னால் ஓடிப் போய்க் கெஞ்சலாமா என்று நினைத்தேன். ஆனால் கெஞ்சக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது என்பதும் அதே படிவத்தில் நான் எழுதியதுதானே? பல்லைக் கடித்துக்கொண்டு, “சரிங்க மாமா, காது வலிச்சா எப்பவும் போல வாங்க” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்த கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “முப்பது வருஷமா கையெழுத்துப் போடுறேன். முடியாதுன்னு சொல்லலாம்னு ஒரு காயிதத்துலயும் எழுதியிருந்ததில்ல. நெசமான்னு சொல்லிப் பாத்தேன். நெசந்தான். இப்பக் காதைப் பாரு.”

கள்ளுக்கடையில் காலை ஒன்பது மணி

காது கேட்கும் அளவைப் பார்க்கும் மெஷினுக்கு அமைதி வேண்டும். தோட்டத்தில் அமைதிக்கு எங்கே போவது? மண்டபத்தில் பிள்ளைகள், கோயிலில் ஒலிபெருக்கி, மருந்து அறைக்குப் பக்கத்தில் இன்ஜின் வீடு. மூன்று நாள் சுற்றியலைந்து கண்டுபிடித்தேன்: தடித்த சுவர், சின்ன ஜன்னல், மத்தியானம் வரை ஈ காக்கை கிடையாது. தோட்டத்துக் கள்ளுக்கடை. சாவி கேட்டால், கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, கண்ணை விரித்தார். பொம்பளைகள் காலெடுத்து வைக்கும் இடமா அது என்றார். நானும் பொம்பளைதான், சாவியைக் கொடுங்கள் என்றேன்.

பெஞ்சுகளைக் கழுவி, மெஷினை வைத்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டேன். முதலில் வந்த ராஜம்மா அக்கா வாசற்படியில் தயங்கி நின்றார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக உள்ளே போய், நடு பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோதனை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். “இருபது வருஷமா எம்புருசனைக் கூப்பிட இந்த வாசலோட நின்னு கத்தியிருக்கேன். இன்னைக்குத்தான் உள்ள உக்காந்திருக்கேன். எவனாச்சும் வந்து என்னை வெளிய போகச் சொல்லட்டும், பாப்போம்!”

சரிபாதி

எந்தப் பாட்டிலில் எந்த மருந்து என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உறையைப் பிரித்தால் சிவப்பு மூடி அல்லது வெள்ளை மூடி என்று வரும். தங்கமணி அக்காவுக்குச் சிவப்பு வந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமிக்கு வெள்ளை. ஒரு வாரம் கழித்து மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போனேன். இரண்டு பாட்டிலிலும் ஒரே நிறத்தில் மருந்து, ஒரே மட்டத்தில். இருவரும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாசில் இரண்டையும் ஊற்றிக் கலக்கி, சரிபாதியாகத் திருப்பி ஊற்றி வைத்திருந்தார்கள். அந்த லயத்தில் குழம்பு வைத்தாலும் அப்படித்தான், பலகாரம் சுட்டாலும் அப்படித்தான்.

ஆபீசில் ஒருவர், இதை எழுதாமல் விட்டுவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று காதைக் கடித்தார். நான் எழுதினேன். கலந்ததைக் கலந்தது என்றே எழுதினேன். பொய் எழுதித்தான் எங்கள் ஆட்களைப் பட்டியலில் வைக்க வேண்டுமென்றால் அந்தப் பட்டியலே வேண்டாம். பேராசிரியர் போனில் குதித்தார். கடைசியில், இருவர் பெயரும் இருக்கட்டும், ஆறாவது மாதம் கட்டாயம் வர வேண்டும், வராவிட்டால் பார் என்று வைத்துவிட்டார். அந்தக் கோபத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தங்கமணி அக்கா முன்னால் நின்றேன். கிளாசைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: “எது நல்ல மருந்துன்னு உங்களுக்கே தெரியாதுன்னு சொன்னீங்க. தெரியாததை ரெண்டு பேரும் சரிபாதியா எடுத்துக்கிட்டா என்ன தப்பு?”



எல்லாம் கேட்கும் சாந்தி

ஆறு மாதம் ஆவதற்குள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயங்களில் கூரை ஓடுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். என் முப்பத்தெட்டு பேரும் திசைக்கு ஒருவராகப் போனார்கள். என் பழைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் காது மெஷினைக் கட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

சாந்திக்கு இருபத்திரண்டு வயது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, ஆறு பெண்களோடு வாடகை வீட்டில் இருந்தாள். அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன். தூக்கினாள், தூக்கினாள், தூக்கிக்கொண்டே இருந்தாள். காதோ, முன்பே விளக்கடித்துப் பார்த்ததில், போன தடவையைவிட மோசமாகத் தெரிந்தது. சந்தேகம் வந்து சத்தமே போடாமல் சும்மா இருந்தேன். அப்போதும் கை மேலே போனது. மெஷினை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: “கேக்கலன்னு சொன்னா எங்க கம்பெனியில வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா. அதான் எல்லாம் கேக்குதுன்னு சொல்லியே பழகிட்டேன். நீங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க, திரும்பவும் போடுங்க, இப்ப நெசமா கேக்குறேன்.”

சுங்கை ரம்பாய்

கடைசி வாரம் வந்தது. ஐந்து கோப்புகளில் நானே என் கையால் அந்த முத்திரையைக் குத்தியிருந்தேன். ஒருவர் சிங்கப்பூர் போய்விட்டார், ஒருவர் இறந்துவிட்டார், மூன்று பேரை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு பெயர் மிச்சம்: தங்கமணி. அவரும் வராவிட்டால் ஆறு. ஆறானால் ரெம்பியா கிடையாது, கிளினிக் கிடையாது, முதல் கூட்டத்தில் பேராசிரியர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

லெட்சுமிக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா சுங்கை ரம்பாய் பக்கம் போனதாகக் கேள்வி என்பதுதான். மலாக்கா டவுனைத் தாண்டி, மெர்லிமாவைத் தாண்டி, ஜொகூர் எல்லைவரை மோட்டாரை விட்டேன். மளிகைக் கடை, கோப்பிக் கடை, கோயில் என்று ஒன்று விடாமல் கேட்டேன், இடது காதில் பஞ்சு வைத்த அக்கா ஒருத்தரைப் பார்த்தீர்களா என்று. மூன்றாவது மளிகைக் கடையில் பெயரைச் சொன்னதும் கையைக் காட்டினார்கள். செம்பனைக் காட்டுக்குள், எண்ணெய் எடுக்கிற பனை அது, உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு இல்லை. அதனால்தான் முதல் இரண்டு கடையிலும் யாருக்கும் தெரியவில்லை போலும்.

எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிப் போய்விட்டீர்களே, நான் எங்கேயெல்லாம் தேடுவது என்று படபடவென்று பொரிந்து தள்ளினேன். அவர் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கிளினிக் அட்டையை எடுத்துக் காட்டினார். சொன்ன தேதியில் வந்திருக்கிறார், இரண்டு பஸ் மாறி. எங்கள் மருத்துவமனைக் கவுன்டரில் விலாசம் கேட்டிருக்கிறார்கள். அட்டையில் இருந்தது தோட்டத்து விலாசம். அந்தத் தோட்டம்தான் இப்போது இல்லையே, புது விலாசத்துக்குக் கடிதம் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு வாரமும் வந்திருக்கிறார். மறுபடியும் அதே பதில். என் மேசைக்கும் அந்தக் கவுன்டருக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. அங்கேயே ஒரு செம்பனை மரத்தடியில் மெஷினை இறக்கினேன். காற்றுகூட இல்லாத அமைதி. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். சவ்வில் ஓட்டை அப்படியே இருந்தது, ஆனால் ஒரு சொட்டுச் சீழ் இல்லை, காய்ந்திருந்தது. கலந்த மருந்தில் எது வேலை செய்தது என்று கேட்காதீர்கள். படிவத்தில் முப்பத்து மூன்றாவது ஆளாக அவர் பெயரை எழுதினேன்.

கைப்பையைத் திறந்து பேனாவை வைக்கும்போது அந்த முத்திரை கீழே விழுந்தது. இது என்ன என்று கேட்டார். சொன்னேன். திரும்பி வராத ஆளைத் தொலைந்துபோனவர் என்று எழுதுவதற்காக வைத்திருக்கிறோம் என்றேன். அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடமே நீட்டினார். “நான் எங்கம்மா தொலைஞ்சேன்? ரெண்டு தடவ உங்க கவுன்டர்ல வந்து நின்னேன். தொலைஞ்சது தோட்டம். போ, இதை அதுமேல குத்து.”

ரெம்பியா பட்டியல் அறிக்கையில் அப்படியே நின்றது, கிளினிக் ரெம்பியா ஊர்க் கோயில் மண்டபத்துக்கு மாறி மாதா மாதம் நடந்தது, என் கைப்பையிலேயே கிடக்கும் அந்த முத்திரை எங்கே என்று ஆபீசில் யார் கேட்டாலும் இன்றுவரை நான் சொல்வது: “தேடிக்கொண்டிருக்கிறேன் சார், அதையும் தொலைந்ததாக எழுத எனக்கு மனசு வரவில்லை.”