சுவருக்கு வந்த விருது

பழியை என் மேல் போடாதீர்கள். வீட்டில் நான் சொன்னது இவ்வளவுதான்: "என் போஸ்டர் செலக்ட் ஆயிருக்கு. வெளிநாட்டுக்குக் கூப்பிடறாங்க. போக வர டிக்கெட்டுக்கு அவார்டும் தர்றாங்க." ஆராய்ச்சிக்காரர்களுக்கு போஸ்டர் என்றால் ஒரு பெரிய தாள். செய்த வேலையைப் படமும் கட்டமுமாக அதில் அச்சடித்து, மாநாட்டுக் கூடத்தில் தொங்கவிட்டு, பக்கத்திலேயே நின்று வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். வசதியில்லாத இளசுகளும் வந்து நிற்கட்டும் என்றுதான் பயண உதவி. அதற்கு மரியாதையாக அவார்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. போஸ்டர் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், பசை தடவிச் சுவரில் ஒட்டுவது. "ஏட்டி, உன் போஸ்டரை எவனோ வெள்ளைக்காரன் ஒட்டுதான், நாம ஒட்ட வேண்டாமா?" என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

அடுத்த வாரம் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பினால், பனகல் பார்க் எதிரில் என் முகம். தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த போட்டோ, பட்டுப்புடவையும் ஜிமிக்கியுமாக. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில், 'சிறுநீரக நோய்க்கு மருந்து கண்டுபிடித்து வெளிநாட்டு விருது பெற்ற எங்கள் குலவிளக்கே!' கீழே எங்கள் ஆய்வகத்தின் பெயர், அதற்கும் கீழே கைகூப்பியபடி வாழ்த்தும் வியாபாரிகள். கோட்டூர்புரம் பாலத்திலும் நான். அடையாறில் எங்கள் ஆய்வகத்தின் காம்பவுண்டுச் சுவரிலும் நான், யாருடைய கண்ணீர் அஞ்சலி மேலோ பாதி ஏறிக்கொண்டு. மானம் கப்பலேறிவிட்டது. மருந்தாவது மண்ணாங்கட்டியாவது! நான் செய்தது ஒரு சிறுநீர்ச் சோதனை. சர்க்கரை நோய்க்காரர்களில் யாருக்குப் பின்னால் சிறுநீரகம் கெடும் என்று கொஞ்சம் முன்னதாகச் சொல்ல முடியுமா என்று பார்த்தோம். அதுவும் 'முடியும் போலிருக்கிறது' என்பது வரைக்கும்தான்.

போனில் கத்தினேன். "மருந்துன்னு யாரு சித்தப்பா சொன்னா?"

"டெஸ்ட்டுன்னு போட்டா எவன் படிப்பான்? லேசா ஒரு தூக்கு தூக்கி விட்டேன்" என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எல்லாவற்றையும் கிழித்துப் போடச் சொன்னேன். சாயங்காலம் ஆள் அனுப்புகிறேன் என்றார். அதற்குள் கூட வேலை செய்கிறவர்கள் என்னை 'குலவிளக்கே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பேராசிரியர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம். வெட்கக்கேடு, வேறு யாராவது அதைப் படித்து நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மதியம் செக்யூரிட்டி கூப்பிட்டார், யாரோ தேடி வந்திருப்பதாக. வாசலுக்குப் போனால் ஒரு அம்மா, கையில் பெரிய ஸ்கேன் கவர். பின்னால் நின்ற ஆட்டோவில் அவர் வீட்டுக்காரர், இரண்டு காலும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"டாக்டரம்மா, மயிலாப்பூர்லேந்து வந்துகீறோம். இன்னிக்கு இவருக்கு டயாலிசிஸ் நாளு. அதான் மருந்து வந்துடுச்சே, இன்னாத்துக்கு இன்னொரு வாட்டி ஊசி குத்திக்கினு? நான்தான் அங்க வோணாம்னு இங்க இட்டாந்துட்டேன்."

டயாலிசிஸைத் தவறவிடுவது விளையாட்டா? உடம்பில் தண்ணீர் ஏற ஏற மூச்சு அடைத்துவிடும். "மருந்து எதுவும் இல்லம்மா, அது தப்பா அச்சடிச்சது. இப்பவே அவரைக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். உடனே வந்தால் மெஷின் தருகிறோம் என்றார்கள். ஆட்டோவில் இருந்தவர் மனைவியைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஐயோ, நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா!

ஆட்டோவில் ஏறப்போன அந்த அம்மா நின்றார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. முகத்தில் இன்னும் கொஞ்சம் ஆசை மீதி இருந்தது.

"அப்போ அதுல கீறது நீ இல்லியாம்மா? அவங்க வேற யாரோவா? அவங்கள எங்க போனா பாக்கலாம்?"

இல்லை என்று சொன்னால் தேடிக்கொண்டு போவார்.

"நான்தாம்மா அது" என்றேன்.