சம்பந்தி பேச ஒரு நல்ல பப்

"மேடம், பப்புக்குள்ள வந்து உக்காந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இது வரைக்கும் வாங்கன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லல. இதுதான் நீங்க சொன்ன நல்ல பப்பா?"

போனில் பேசியவர் பூதலூர் தட்சிணாமூர்த்தி. பேசிய இடம் இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பப். நான் தஞ்சாவூரில், எங்கள் டிராவல்ஸ் ஆபீசில், மே மாத சீசன் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அங்கே மத்தியானம், எனக்கு இங்கே சாயங்கால டீ வரும் நேரம். அன்றைக்கு ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்தது. காரணம், நான் சிபாரிசு செய்த பப். இந்தத் தொழிலுக்கு வரும் சின்னவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பப் மேடம்

என்னிடம் பாஸ்போர்ட் உண்டு. அதில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. மது என்று எடுத்துக்கொண்டால் எனக்கு இருமல் மருந்தோடு சரி. அப்படிப்பட்ட எனக்குத் தஞ்சாவூர் வட்டாரத்தில் "பப் மேடம்" என்று பெயர். மாமியார் காது வரை அது போய், வீட்டில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெற்றோர்கள் லண்டன் போவது பேரப்பிள்ளையைப் பார்க்க. விசா, டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஏர்போர்ட்டில் வீல் சேர், எல்லாம் நான்தான். முன்பெல்லாம் அங்கே என்ன கோயில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் போய்விட்டு வந்து, ஆபீசில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். "கோயில் நம்ம ஊர்லயே வேண்டிய மட்டும் இருக்கு. அங்க பாக்க வேண்டியது பப்புதான். குடிக்கணும்னு இல்ல. உக்கார எடம் குடுக்கறான், எழுந்திருன்னு சொல்ல மாட்டேங்கறான், பாத்ரூம் சுத்தமா இருக்கு. வேற என்ன வேணும்?"

அதிலிருந்து எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் திரும்பி வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விசாரித்தேன். பாத்ரூம் கீழேயா, மாடியிலா? கணப்பு அடுப்பு நிஜமாக எரிகிறதா, சும்மா அலங்காரமா? உத்தரம் தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்வா? நாய் இருந்தால் அதன் சுபாவம் என்ன? டீ கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்களா? கூத்தாநல்லூரிலிருந்து வந்த ஜவுளிக்கடை பாய் ஒருவர், "நான் உள்ள போவ மாட்டேன்மா. வெளியில நின்னு போட்டோ எடுக்க எது நல்லா இருக்கும்?" என்று கேட்டார். வாசலில் பூக்கூடை தொங்கும் பப்புகளாகப் பார்த்து அவருக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். கும்பகோணத்துக்காரர் ஒருவரிடம் நானூறு வருஷப் பழைய பப் என்று பெருமையாகச் சொன்னபோது, "அப்ப புதுக் கட்டடம்தான்" என்றார். இவர்களை வைத்துக்கொண்டுதான் நான் தொழில் செய்தேன்.

2. வேலி எத்தனை?

பூதலூரில் விவசாயமும் உரக்கடையும் பார்க்கும் தட்சிணாமூர்த்தி வந்தது வேறு விஷயமாக. அவர் பையன் கதிர் இங்கிலாந்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். ஹன்னா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டான். பெண்ணுக்குத் தாய் இல்லை. தகப்பனார் கிரகாம், அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இரண்டு பக்கப் பெரியவர்களும் ஒரு பப்பில் சந்தித்துப் பேசலாம், எந்தப் பப் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கிரகாம் சொல்லியனுப்பியிருந்தார்.

"கோயில்ல வச்சுப் பொண்ணு பாக்கற மாதிரின்னு வச்சுக்குவோம்" என்று தட்சிணாமூர்த்தி தானே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "பொது எடம். யாருக்கும் கௌரவக் கொறச்சல் இல்ல. ஆனா ஒண்ணு மேடம். எனக்கு வெள்ளைக்காரியா, வேத்து மனுஷியாங்கறதெல்லாம் இல்ல. மரியாதை தெரிஞ்ச குடும்பமான்னுதான் பாப்பேன். மரியாதை இருந்தா அங்கயே சரின்னு சொல்லிடுவேன். இல்லன்னா எழுந்து வந்துடுவேன். பையன் அந்தப் பேச்ச அதோட விட்டுடணும். அவன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி கமலா அம்மா, அங்கே குளிருமா என்று மட்டும் கேட்டார்.

மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் திரும்ப வேண்டும், குறுவைக்கு நாற்றங்கால் விட வேண்டும் என்பதால் ரிட்டர்ன் டிக்கெட்டை அதற்குத் தகுந்தாற்போல் போட்டேன். பப்புக்கு என் ஞானத்தையெல்லாம் இறக்கினேன். கடைசியில் தேர்ந்தெடுத்தது பெயர்ப் பலகையில் கலப்பை வரைந்திருந்த ஒரு பழைய பப். டிவி கிடையாது, பாட்டு கிடையாது. சுற்றிலும் வயல். நாய் கிழடு.

"அத நடத்தறது ஒரு அம்மா சார். அங்க லேண்ட்லேடின்னு சொல்லுவாங்க" என்றேன்.

"அப்படியா? வேலி எத்தனை?"

"நெலமெல்லாம் இல்லங்க. பப் மட்டும்தான்."

"நெலம் இல்லாம என்ன லேண்ட்லேடி" என்றார். ஆனாலும் கலப்பை அவருக்குப் பிடித்துப் போயிற்று.

3. கிளாஸைத் தூக்கிக் காட்டினார்

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் போனில் கேட்டபடியும், பிறகு அவர்கள் சொன்னபடியும் சொல்கிறேன். பையனும் பெண்ணும் இவர்களை வாசலில் இறக்கிவிட்டு வயல் பக்கம் நடக்கப் போய்விட்டார்கள். பெரியவர்கள் பேசும் இடத்தில் சின்னவர்கள் இருக்கக் கூடாது என்பது தட்சிணாமூர்த்தியின் உத்தரவு. போனும் அவர்களுக்கு எட்டவில்லை.

"சம்பந்தி வரலியா சார்?" என்று கேட்டேன்.

"வந்திருக்காரு. எங்களுக்கு முன்னாடியே வந்துட்டாரு. அந்தா கவுன்ட்டர்ல சாஞ்சுக்கிட்டு நிக்கறாரு. நாங்க உள்ள நுழைஞ்சதும் பாத்தாரு. பாத்துட்டுக் கிளாஸத் தூக்கிக் காட்டுனாரு. நான் குடிக்கறேன், நீ பாத்துக்கங்கற மாதிரி. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிட்டாரு."

பப்பில் யாரும் மேஜைக்கு வந்து கேட்க மாட்டார்கள், நாமே எழுந்து கவுன்ட்டருக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லியும் இருந்தேன். ஆனால் அது டீ வாங்குவதற்கு. சம்பந்திக்கும் அதுதான் வழக்கமா என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"சார், அவங்க ஊர்ல நாமதான் எழுந்து போவணும். நீங்க போயி ஒரு ஹலோ சொல்லுங்களேன்."

"நானா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் எழுந்து போயி, அய்யா என்னக் கூப்பிடுங்கன்னு கேக்கணுமா?"

அந்த லைனை வைக்காமல், ஆபீசின் இன்னொரு லைனிலிருந்து பப்புக்கே போன் போட்டேன். லேண்ட்லேடி எடுத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் ஊர்த் தமிழில் தருகிறேன்.

"ஆமாம்மா, பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கிரகாம் வந்ததுலேருந்து பர்ஸக் கையில வச்சுக்கிட்டு நிக்கறார். அவங்க எழுந்து வந்தா எல்லாருக்கும் குடிக்க மொத ரவுண்டு அவர்தான் வாங்கிக் குடுக்கணும்னு. அவங்க வரவே இல்லையே."

"அவர் போயி மேஜையில கூப்பிடக் கூடாதா?"

"அது எப்படி? ஒருத்தர் நிம்மதியா உக்காந்திருக்கற மேஜைக்கு நாமளா போயி நிக்கறது மரியாதையா?"

இரண்டு பேரும் மரியாதைக்காகத்தான் நகராமல் இருக்கிறார்கள். நீங்களாவது போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அந்த அம்மாவைக் கெஞ்சினேன். அவர் போனார். உடனே இந்த லைனில் தட்சிணாமூர்த்தி. "கடைக்காரம்மா வந்து வெல்கம்னு சொல்லிட்டுப் போறாங்க. கடைக்காரங்க யாரத்தான் கூப்பிடல?"

கடைசியாகக் கிரகாமையே போனுக்கு வரச் சொன்னேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சந்திப்பு எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டேன்.

"ரொம்ப நல்லாப் போவுது" என்றார் அவர். "எனக்கு அந்த மனுஷனப் புடிச்சுப் போச்சு. வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. யாரையும் தொந்தரவு பண்ணல. இந்த மாதிரி ஆளுங்க இப்பல்லாம் இல்ல."

நான் ரிசீவரைப் பார்த்தேன். என் எதிரில் உட்கார்ந்திருந்த கஸ்டமர் என் முகத்தைப் பார்த்து, தன்னுடைய விசாதான் ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்.

4. பொட்டலம்

இந்த லைனில் தட்சிணாமூர்த்தி எழுந்துவிட்டார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "கமலா, பையெல்லாம் எடு. கௌம்பு. மரியாதை தெரியாத எடத்துல நமக்கு என்ன வேலை" என்றார். இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை என் கண் முன்னால் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. நான் போனில் சார், சார் என்று கத்துவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இருங்க. பசிக்குது எனக்கு" என்றார் கமலா அம்மா. "காலையில ரெண்டு பிஸ்கட்டோட வந்தது. சாப்பிட்டுட்டு எங்க வேணா போலாம்."

அலுமினியத் தாளைப் பிரிக்கும் சத்தம். பையன் வீட்டில் சுட்டு, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துவந்த இட்லி. பப்புக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அதைப் பற்றி இப்போது என்ன.

பொட்டலத்தைப் பிரித்துவிட்டு யாரையும் கேட்காமல் வாயில் போட நம் பெண்களுக்கு வருமா? ரயிலில் எதிர் சீட்டுக்காரர் எவராக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்காது. கமலா அம்மா நிமிர்ந்திருக்கிறார், கிரகாம் கண்ணில் பட்டிருக்கிறார். "வாங்க, சாப்பிடலாம்" என்று உரக்கச் சொன்னார். அது என் காதில் கோயில் மணி மாதிரி விழுந்தது.

கிரகாம் வந்தார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, இட்லியை நீட்டுகிற கை எல்லோருக்கும் புரியும். உட்கார்ந்தார், வாங்கிக்கொண்டார், முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பயங்கரமாக இருமினார்.

"கமலா, என்ன காரியம் பண்ணுன? நாம கூப்பிட்டுட்டமே. இனிமே இவங்களுக்கு நாமதான் எறங்கி வந்ததா ஆயிடுச்சே" என்று தட்சிணாமூர்த்தி பல்லைக் கடிப்பது கேட்டது. அதன் பிறகு அவர் குரல் மாறிப்போனது. "இங்க பாரு. அழுவுறாரு."

"பொடி காரம்ங்க" என்றார் கமலா அம்மா.

"பொடியாவது. பொண்ணக் கட்டிக் குடுக்கற தகப்பன், தாயில்லாப் பொண்ணு வேற. கண்ணு கலங்காம இருக்குமா? கல்லு மாதிரி நின்ன மனுஷன் பொட்டுனு ஒடஞ்சுட்டார் பாரு." அடுத்து, உர டீலர் மீட்டிங்குகளில் அவர் கற்ற ஆங்கிலம் கேட்டது. "டோன்ட் க்ரை, சம்பந்தி. யுவர் டாட்டர், அவர் டாட்டர்."

கிரகாம் இருமலுக்கு நடுவில் தேங்க்யூ என்றார். இன்னொரு இட்லியும் கேட்டு வாங்கிக்கொண்டார். லேண்ட்லேடி வெளிச் சாப்பாட்டைத் தடுக்க வந்தார், அவரையும் கமலா அம்மா வாங்க என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மேஜை மேலிருந்த போனைக் கதிர் எடுத்தான்.

"மேடம், நாங்க இப்பதான் உள்ள வந்தோம். எங்கப்பாவும் ஹன்னா அப்பாவும் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. என்ன ஆச்சு? வேணாம்னுட்டாங்களா?"

"சம்மதம்ப்பா" என்றேன். ஆபீசில் இருந்த எல்லோருக்கும் அன்றைக்கு டீ என் கணக்கு.

5. பந்தியில்

தை மாதம் பூதலூரில் கல்யாணம். கிரகாம் வேட்டி கட்டி, அதன் மேல் பெல்ட் போட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சம்பந்தி எப்படிக் கண்ணீர் விட்டார் என்பதைத் தட்சிணாமூர்த்தி ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். பரிமாற வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்து ஒரு ஜாங்கிரி கூடுதலாக வைத்தார்கள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அன்னிக்கு எங்க மொளவாப் பொடியால ஒங்களப் பாடாப் படுத்திட்டோம்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவர் சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்துகொண்டே சொன்னார். "மொத இட்லிக்குக் கண்ணீர் வந்தது பொடியால. ரெண்டாவதுக்கு வந்தது அதனால இல்ல. என் பொண்டாட்டி போனதுக்கப்புறம் தெனம் அந்தப் பப்புக்குத்தான் போறேன். அந்தக் கவுன்ட்டர்லதான் நிக்கறேன். எல்லாரும் நல்லவங்க. என்னத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அவ்வளவு மரியாதை. இத்தன வருஷத்துல ஒரு மேஜையிலேருந்து என்ன வான்னு கூப்பிட்டது அந்த அம்மாதான்."

எதிர்ப் பந்தியில் கமலா அம்மா யாரோ தெரியாத ஒரு டிரைவரைப் பார்த்து, ஏன் நிக்கறீங்க, வந்து உக்காருங்க என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

இப்போதும் நல்ல பப் எது என்று என்னைக் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். பாத்ரூம், உத்தரம், நாய் எல்லாம் சொல்கிறேன். கடைசியில், வீட்டில் யாரையாவது பார்த்தால் வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியாத ஆள் ஒருத்தர் இருப்பார், அவருக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்கள் என்கிறேன். வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள்.