அடுத்த போர்டைப் படி

‘இங்கு பழைய தங்கம் வாங்கப்படும்.’ தி.நகர் பஸ் நிலையத்துக்கு எதிரே அந்த மஞ்சள் போர்டு இன்னும் இருக்கிறது. அடையாறு டாக்டரிடம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் நினைவு வந்துவிடும். பாத்திரக்கடையில் விற்பனை வேலை அவருக்கு. வாய் ஓயாத மனிதர்.

எனக்கோ வாய்தான் முதலில் ஓய்ந்தது. காலையில் கணீரென்று பேசுவேன். சாயங்காலம் ஆனால் பேச்சு மூக்கால் வரும், இமை தானாகச் சரியும், மென்ற சோறு வாயிலேயே நிற்கும். “காலைல நல்லாத்தான இருந்தா? வேலைன்னு வந்தா மட்டும் கண்ணு சொருவுதா? சும்மா நடிப்பு!” என்றாள் நாத்தனார். டாக்டர்களும் காலையில்தான் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, மனசுதான் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன ‘மனசு’ என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை நம்பியவர் இவர் ஒருத்தர்தான்.

அடையாறு டாக்டரும் காலையில்தான் நேரம் கொடுத்தார். தி.நகரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் இவர் ஒரே பிடி: “வழியில கீற போர்டெல்லாம் சத்தமா படிச்சிக்கினே வா. டாக்டராண்ட போறதுக்குள்ள உன் கொரலு தீந்துடணும்.” பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. பழைய தங்கம், ஜெராக்ஸ், பல் மருத்துவமனை, வீடு வாடகைக்கு... நிறுத்தினால் முழங்கையால் இடித்து, “அடுத்தது இன்னா?” என்பார். சைதாப்பேட்டை தாண்டியபோது நாக்குக் குழறியது. டாக்டர் முன்னால் என் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. கண் பாதி மூடியிருந்தது. இவர் முகத்திலோ பரீட்சையில் ஜெயித்த பெருமை!

ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டது. நரம்பு சொல்லும் சேதி தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை என் நோய் எதிர்ப்புச் சக்தியே அடித்து நொறுக்குகிறதாம். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் இவர் விளக்கினார்: “காவலுக்கு வச்ச நாயி திருடனை வுட்டுட்டு வூட்டாளையே கடிக்கிது. அதான் சீக்கு. இவ நடிக்கல.” அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு அடக்கமாட்டாமல் அழுதேன்.

மாத்திரை பிடித்து, குரல் சாயங்காலத்தையும் தாண்டி நிற்க வருஷங்கள் ஆயின. அது நிலைத்த சமயம் பார்த்து மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. பேச வைத்துவிட்டு, கேட்க ஆளில்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாரே! இப்போதெல்லாம் நாள் முழுக்கச் சேர்த்தால் காய்கறிக்காரரிடம் பேசுகிற நாலு வார்த்தைதான்.

இன்று ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய தங்கத்தில் தொடங்கி, வாய்விட்டே படித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் காதில் இயர்போன். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அடையாறு வரை குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. கடைசி போர்டைப் படித்துவிட்டு, பழக்க தோஷத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். அடுத்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை.